ஹெப்படைடிஸ் சி இருந்தால் சிறுநீரக மாற்று கிடையாதா?

வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மலேசியாவில் 50,000க்கும் அதிகமானோர் டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பை நம்பி வாழ்கின்றனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இரத்தத்தில் ஹெப்படைடிஸ் சி வைரஸ் இருப்பதால், பல மையங்களில் அவர்களுக்குத் தனி இடம், தனி இயந்திரம். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத சங்கடம் வேறு.

இவர்களில் பலர் மனத்தில் ஒரு முடிவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. “நமக்கு சி இருக்கு. நமக்கெல்லாம் கிட்னி மாத்த மாட்டாங்க.” இந்த முடிவோடு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என நாற்காலியில் கழித்து விடுகிறார்கள். வீட்டில் சிறுநீரகம் தர முன்வரும் மனைவியிடமோ தம்பியிடமோ அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. ஹெப்படைடிஸ் சி இருப்பது மட்டுமே ஒருவரை சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையிலிருந்து விலக்கி வைக்கக் காரணமாகாது. கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டறிவதற்கென்றே முறையான மதிப்பீடு உண்டு. அந்த மதிப்பீட்டில் என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டயாலிசிஸ் நோயாளிக்கு ஏன் இந்த வைரஸ்?

ஹெப்படைடிஸ் சி இரத்தத்தின் மூலம் பரவும் வைரஸ். 1989-ஆம் ஆண்டில்தான் அது அடையாளம் காணப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முன்பு தானமாகப் பெறப்பட்ட இரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வழியே இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தச் சோகை கடுமையாக இருக்கும். இப்போது போடப்படும் எரித்ரோபொயட்டின் ஊசி வருவதற்கு முன்பு, அடிக்கடி இரத்தம் ஏற்றியே அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. பழைய நோயாளிகள் பலருக்கு வைரஸ் வந்த வழி அதுதான்.

டயாலிசிஸ் மையத்திலும் இது பரவக்கூடும். ஒருவரைக் கவனித்த பின் கையுறையை மாற்றாமல் அடுத்தவரைத் தொடுவது, ஒரே மருந்துக் குப்பியிலிருந்து பலருக்கு ஊசி எடுப்பது, இரத்தம் பட்ட இடத்தைச் சரியாகத் துடைக்காமல் விடுவது போன்ற கவனக்குறைவுகளே அதற்குக் காரணம். பாதுகாப்பற்ற ஊசி, பச்சை குத்துதல், ஒரே சவரக் கத்தியைப் பலர் பயன்படுத்துதல் ஆகியவையும் வழிகள்தாம். நீரிழிவு அதிகமுள்ள நம் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்க்கரை அளவு பார்க்க விரல் நுனியைக் குத்தும் ஊசியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், கட்டிப்பிடிப்பதாலும், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலும் இது பரவாது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்க வேண்டியதே இல்லை.

அந்தப் பழைய பதில் எங்கிருந்து வந்தது?

‘மாற்ற மாட்டார்கள்’ என்ற எண்ணம் காரணமில்லாமல் பிறந்ததன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை உண்மையிலேயே சிக்கலாக இருந்தது.

அப்போது இருந்த முக்கிய மருந்து இன்டர்ஃபெரோன் ஊசி. மாதக் கணக்கில் போட வேண்டும். காய்ச்சல், உடல் வலி, மனச்சோர்வு எனப் பக்கவிளைவுகள் ஏராளம். அதோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ரிபாவிரின் மாத்திரை இரத்தச் சோகையை மேலும் மோசமாக்கும். ஏற்கெனவே களைத்துப் போயிருந்த டயாலிசிஸ் நோயாளிகளில் பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சரி, சிறுநீரகம் மாற்றிய பிறகு மருந்து கொடுக்கலாமே என்றால் அதிலும் ஆபத்து. இன்டர்ஃபெரோன் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும். அப்போது உடல், புதிய சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கருதி நிராகரிக்கக்கூடும். மருந்து கொடுக்காமல் விட்டால், மாற்றுக்குப் பின் உட்கொள்ளும் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்துகளால் வைரஸ் பெருகிக் கல்லீரலைத் தாக்கும். இரண்டு பக்கமும் இடி வாங்கிய நிலை. அதனால்தான் மருத்துவர்கள் தயங்கினார்கள்.

அந்தக் காலத்திலும்கூட ஓர் உண்மை ஆய்வுகளில் தெரிந்தது. ஹெப்படைடிஸ் சி உள்ளவர்களில், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் காத்திருப்புப் பட்டியலிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள்.

மாத்திரை வந்தது, மலேசியாவிலும் வந்தது

2013-ஆம் ஆண்டு இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. வைரஸ் பெருகுவதையே நேரடியாகத் தடுக்கும் வகை மருந்து அது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையோடு சேர்த்து, பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு வைரஸ் முற்றாக நீங்கிவிடுகிறது. ஆனால் அங்கே ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரத்திற்கு 84,000 டாலர்.

மலேசிய அரசாங்கம் 2017-இல் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் அனுமதி இல்லாமலேயே விலை குறைந்த சோஃபோஸ்புவிரை அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர வழி செய்தது. அம்மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. சிகிச்சைச் செலவு சில நூறு டாலருக்கு இறங்கியது. 2018 மார்ச் முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாக வழங்கப்படத் தொடங்கியது. பின்னர் சில சுகாதாரக் கிளினிக்குகளுக்கும் அது விரிந்தது.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மட்டும் ஒரு தடை எஞ்சியிருந்தது. சோஃபோஸ்புவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அதைக் கொடுக்கலாமா என்ற ஐயம் நீடித்தது. இதற்கிடையே கல்லீரல் வழியாக வெளியேறும் வேறு மருந்துகள் வந்தன. கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரையை, சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 104 பேருக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் செய்பவர்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் 98 விழுக்காட்டினருக்கு வைரஸ் நீங்கியது. 2019-இல் சோஃபோஸ்புவிர் கலந்த மருந்துகளையும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அளவைக் குறைக்காமல் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது.

ஆகவே 2012-இல் ஒருவருக்குச் சொல்லப்பட்ட பதிலும் இன்று அவருக்குக் கிடைக்கக்கூடிய பதிலும் ஒன்றாக இருக்காது. அப்போது மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் ஒரு முறை கேட்டே ஆக வேண்டும்.

மதிப்பீட்டின் முதல் படி: வைரஸ் இப்போது இருக்கிறதா?

டயாலிசிஸ் தொடங்கும்போது எல்லாருக்கும் எடுக்கப்படும் சோதனை, எதிர்ப்பொருள் சோதனை. அது ‘பாசிட்டிவ்’ என்றால், இந்த வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். இப்போதும் இருக்கிறது என்று பொருளில்லை. வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மருந்தே இல்லாமல் ஆறு மாதத்திற்குள் அதை வென்றுவிடுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுக்கும் மருந்தால் குணமானவர்களுக்கும்கூட எதிர்ப்பொருள் இரத்தத்தில் நிலைத்திருக்கும்.

வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்வது ஆர்.என்.ஏ. சோதனை. இரத்தத்தில் வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் சோதனை இது. இதில் ‘காணப்படவில்லை’ என்று வந்தால் அவருக்கு இப்போது ஹெப்படைடிஸ் சி இல்லை. தன் கோப்பில் ‘ஹெப் சி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆண்டுக் கணக்கில் கலங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த ஒரு சோதனையே பெரிய விடுதலையாக அமையலாம்.

மறுபக்கமும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் பலவீனமாக இருப்பதால், சிலரிடம் வைரஸ் இருந்தும் எதிர்ப்பொருள் தெரியாமல் போகலாம். எனவே எல்லாருக்கும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை சோதனை செய்ய வேண்டும் என்பது அனைத்துலக வழிகாட்டி. ஒரு முறை குணமானவர்களுக்கு ஆர்.என்.ஏ. சோதனைதான் பயன்படும். மீண்டும் தொற்று வந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் படி: கல்லீரலில் எவ்வளவு தழும்பு?

மதிப்பீட்டின் மையமே இதுதான். வைரஸ் ஆண்டுக் கணக்கில் கல்லீரலில் அழற்சியை உண்டாக்கும். அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழும். தழும்பு கூடக் கூட, பஞ்சு போல இருக்க வேண்டிய கல்லீரல் கட்டை போல இறுகும். இந்த இறுதிக் கட்டத்தைத்தான் சிரோசிஸ் என்கிறோம். நீண்டநாள் தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளில் சிரோசிஸ் வரலாம் என்பது கணிப்பு. அதாவது, பெரும்பாலோருக்கு அந்த அளவுக்குப் போவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. “எல்.எஃப்.டி. நார்மல்தான்” என்று கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கல்லீரல் நொதிகளின் அளவு இயல்பாகவே குறைவாக இருக்கும். தழும்பு விழுந்திருந்தாலும் இரத்தச் சோதனை சாதாரணமாகத் தோன்றலாம்.

ஆகவே கல்லீரலின் இறுக்கத்தை நேரடியாக அளக்க வேண்டும். அதற்குப் பயன்படுவது ஃபைப்ரோஸ்கேன் கருவி. வலது விலாவின் மேல் ஒரு குழாயை வைத்து மெல்லத் தட்டும். அந்த அதிர்வு கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்த்து, இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் சொல்லும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஹெப்படைடிஸ் சி உள்ளவரிடம் ஏறத்தாழ 12.5 கிலோபாஸ்கலைத் தாண்டினால் சிரோசிஸ் இருக்கலாம் எனச் சந்தேகிப்பார்கள்.

சோதனைக்கு முன் சுமார் மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். உடலில் நீர் தேங்கியிருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். எனவே டயாலிசிஸ் முடிந்து நீர் இறங்கிய பிறகு எடுப்பது நல்லது. தேதி கொடுக்கும்போதே “எனக்கு இந்த நாளில் டயாலிசிஸ்” என்று சொல்லிவிடுங்கள்.

இதோடு வயிற்று அல்ட்ராசவுண்ட், தட்டணுக்கள் எண்ணிக்கை, இரத்தம் உறையும் நேரம், அல்புமின் அளவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், அல்லது கல்லீரல் பாதிப்புக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றினால், சிறிதளவு திசு எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கலாம். மது அருந்தும் பழக்கமும் அப்படித்தான் கல்லீரலைக் கெடுக்கும். தோட்டத்தில் சம்சு குடித்த காலம் ஒன்று இருந்திருந்தால், அது பத்து ஆண்டுக்கு முன்பு என்றாலும், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்பது குறை சொல்வதற்காக இல்லை. கல்லீரலைத் தாக்கியது வைரஸ் மட்டும்தானா என்று அறிவதற்காகத்தான்.

மூன்றாம் படி: அழுத்தம் கூடியிருக்கிறதா?

சிரோசிஸ் இருப்பதாகத் தெரிந்தால், அடுத்த கேள்வி இது. இறுகிப்போன கல்லீரலுக்குள் இரத்தம் நுழையச் சிரமப்படும்போது, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் பெரிய இரத்தக் குழாயில் அழுத்தம் கூடும். அதன் விளைவாக உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். அவை வெடித்தால் இரத்த வாந்தி வரும். மண்ணீரல் பெருக்கும், தட்டணுக்கள் குறையும், வயிற்றில் நீர் கோக்கும்.

எண்டோஸ்கோப்பி செய்து புடைத்த குழாய்கள் உள்ளனவா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். அது 10 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டினாலோ தாண்டினாலோ, கவலைப்பட வேண்டிய நிலை. வயிற்றில் நீர் கோப்பது டயாலிசிஸ் நோயாளிக்குக் கல்லீரலால்தான் வர வேண்டும் என்றில்லை. நீர்க் கட்டுப்பாடு தவறினாலும் வரலாம். அதனால் எந்தக் காரணத்தால் வந்தது என்று பிரித்தறிவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

கேடிகோ என்ற அனைத்துலகச் சிறுநீரக அமைப்பு ஹெப்படைடிஸ் சி குறித்து 2018-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த வழிகாட்டியின் சாரத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

தழும்பு இல்லை அல்லது குறைவு: சிறுநீரக மாற்றுக்குக் கல்லீரல் தடையில்லை. மற்றவர்களைப் போலவே தகுதி பார்க்கப்படும்.

சிரோசிஸ் இருக்கிறது, ஆனால் கல்லீரல் சமாளிக்கிறது, அழுத்தமும் கூடவில்லை: இவர்களுக்கும் சிறுநீரகம் மட்டும் மாற்றலாம். பலர் எதிர்பார்க்காத செய்தி இது.

அழுத்தம் ஓரளவு கூடியிருக்கிறது, ஆனால் கல்லீரல் இன்னும் சமாளிக்கிறது: நிபுணர்கள் கூடி, ஆளுக்கு ஆள் ஆராய்ந்து முடிவெடுப்பார்கள். வைரஸை நீக்கிய பிறகு சிலருக்கு அழுத்தம் குறைவதும் உண்டு. எனவே மறுபடியும் அளந்து பார்க்க இடமுண்டு.

கல்லீரல் தளர்ந்துவிட்டது, மஞ்சள் காமாலை, நீர் கோத்தல், குழப்ப நிலை எனத் தொடர்கிறது: சிறுநீரகம் மட்டும் மாற்றினால் உடல் தாங்காது. கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் சேர்த்து மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். உறுப்பு தானம் குறைவாக உள்ள நம் நாட்டில் அந்த வாய்ப்பு மிக அரிது. வைரஸை முன்கூட்டியே நீக்குவதன் அவசியம் இங்கேதான் புரிகிறது.

கல்லீரல் பக்கம் பச்சை விளக்கு எரிந்தாலும், மற்றச் சோதனைகள் எல்லாருக்கும் உள்ளவைதாம். இருதயம், நுரையீரல், புற்றுநோய், காசநோய், பற்கள், ஹெப்படைடிஸ் பி, எச்.ஐ.வி. என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவே காரணம் என்பதால், பெரும்பாலும் இருதயச் சோதனைதான் நீளும்.

முதலில் மருந்தா, முதலில் சிறுநீரகமா?

இது எல்லாரும் கேட்கும் கேள்வி. பதில், சிறுநீரகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

சில நாடுகளில் வைரஸ் உள்ளவரை மருந்து கொடுக்காமல் காத்திருக்க வைப்பதுண்டு. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஹெப்படைடிஸ் சி உள்ள சிறுநீரகத்தை அவருக்கு விரைவாகப் பொருத்திவிட்டு, அதன் பிறகு வைரஸை நீக்குவார்கள். அமெரிக்காவில் வைரஸே இல்லாத நோயாளிகளுக்கும் அத்தகைய சிறுநீரகத்தைப் பொருத்தி, பின்னர் மாத்திரையால் குணப்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது, தானமாகக் கிடைக்கும் உறுப்புகள் நிறைய உள்ள இடத்தில் போடும் கணக்கு. இறந்தவர்களின் உறுப்புக்காகப் பல ஆண்டு காத்திருக்க வேண்டிய இடத்தில், மருந்தைத் தள்ளிப்போடுவதால் நோயாளிக்கு ஆதாயம் குறைவு. கல்லீரல்தான் கெட்டுக்கொண்டே போகும்.

உறவினர் ஒருவர் தர முன்வந்தால் திட்டமிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, தோட்டத்தில் லோரி ஓட்டிய 46 வயதுக்காரர் ஒருவர் ஏழு ஆண்டாக டயாலிசிஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஹெப்படைடிஸ் சி. கல்லீரலில் தழும்பு மிதமாக இருக்கிறது. தங்கை சிறுநீரகம் தரத் தயார். அண்ணன் 12 வாரம் மாத்திரை சாப்பிடுகிறார். முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனை. வைரஸ் காணப்படவில்லை என்றால் குணமானதாகக் கொள்ளலாம். மொத்தம் ஆறு மாதம். அதே ஆறு மாதத்தில் தங்கையின் இரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், சிறுநீரகச் செயல்பாடு, ஸ்கேன், மனநல ஆலோசனை எல்லாம் முடிந்துவிடும். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் பக்கம் பக்கமாக நடக்கலாம்.

சில சூழ்நிலைகளில் அறுவை சிகிச்சையை முதலில் செய்துவிட்டு, சில வாரங்களில் மாத்திரையைத் தொடங்குவதும் உண்டு. இப்போதைய மருந்துகள் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கத் தூண்டுவதில்லை என்பதால் அது சாத்தியமாகிறது. எது சரி என்பதைச் சிறுநீரக நிபுணரும் கல்லீரல் நிபுணரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

மாத்திரை சாப்பிடும்போது

இச்சிகிச்சை எளிது. ஆனால் நான்கு விஷயங்களில் அலட்சியம் கூடாது.

ஒன்று, ஹெப்படைடிஸ் பி சோதனை. இரண்டு வைரஸும் இருப்பவரிடம் சி நீங்கும்போது பி தலைதூக்கலாம். எனவே தொடங்கும் முன்பே பார்த்துவிடுவார்கள்.

இரண்டு, மற்ற மருந்துகள். இருதயத் துடிப்புக்குக் கொடுக்கப்படும் அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் இருதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளும் காசநோய்க்கான ரிஃபம்பிசினும் வைரஸ் மருந்தின் பலத்தைக் குறைக்கும். சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் அந்தப் பையில் இருக்கட்டும்.

மூன்று, ஒரு நாளும் தவறாமல் சாப்பிடுவது. டயாலிசிஸ் நாளிலும் சாப்பிட வேண்டும். எந்த நேரத்தில் என்பதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு, இரத்தம் ஏற்றுவது. சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்கள் தேவையில்லாமல் இரத்தம் ஏற்றிக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உடலில் புதிய எதிர்ப்பொருள்கள் உருவாகி, பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். இரத்தச் சோகைக்கான ஊசியைத் தவறவிடாமல் போட்டுக்கொள்வது அதற்கும் உதவும்.

தருபவரின் பக்கம்

மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில், சகோதரர் ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தைக் கொண்டுதான் நடந்தது. அன்று முதல் இன்று வரை உறவினர்கள் முன்வருவதே பல நோயாளிகளுக்கு நம்பிக்கை. இரத்த உறவினரும் கணவன் மனைவியும் தரலாம். உறவு இல்லாதவர் தருவதென்றால் சுகாதார அமைச்சின் குழு ஒன்று ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். பணத்துக்காகவோ வற்புறுத்தலாலோ தருகிறாரா என்று பார்ப்பதற்கே அந்த ஏற்பாடு.

தர முன்வருபவருக்கும் ஹெப்படைடிஸ் சி சோதனை உண்டு. அவருக்கு வைரஸ் இருந்தால் அவருக்கும் மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிட்டு, கல்லீரல் நன்றாக இருந்தால் மறுபடியும் பரிசீலிப்பார்கள். ஒரு பாசிட்டிவ் சோதனையோடு அவருடைய கதையும் முடிந்துவிடுவதில்லை.

காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெளிநாட்டுக்குப் போய்ச் சிறுநீரகம் ‘வாங்கி’ வரலாம் என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் உண்டு. 1980களிலும் 90களிலும் இந்தியாவுக்கும், பின்னர் சீனாவுக்கும் அப்படிப் போனவர்கள் உண்டு. சரியாகச் சோதிக்கப்படாத உறுப்போடு ஹெப்படைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றையும் சுமந்து திரும்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். இந்தியாவில் உறுப்பு வணிகம் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. சட்டத்துக்கும் உடலுக்கும் சேர்ந்தே ஆபத்தான வழி அது.

மாற்றிய பிறகும் கவனிக்க வேண்டியவை

வைரஸ் நீங்கிவிட்டது என்பதால் கல்லீரலை மறந்துவிடலாகாது. சிரோசிஸ் இருந்தவர்களுக்கு, வைரஸ் போன பிறகும் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் ஓரளவு தொடரும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்துகள் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டலாம். ஹெப்படைடிஸ் சி இருந்தவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் கொஞ்சம் அதிகம். மதுவை முற்றாக விட வேண்டும். குணமானது இன்னொரு முறை தொற்றாது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. மையத்தில் தாதியர் கையுறை மாற்றுகிறார்களா என்று பார்ப்பதும், மாற்றாவிட்டால் மரியாதையாகச் சொல்வதும் உங்கள் உரிமை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது

டயாலிசிஸ் ஆண்டுகள் கூடக் கூட இருதயமும் இரத்தக் குழாய்களும் தேய்கின்றன. ஹெப்படைடிஸ் சி-யால் தள்ளி வைக்கப்படாத ஒருவர், பல ஆண்டு தாமதித்து வந்ததால் இருதயத்தின் காரணமாகத் தள்ளி வைக்கப்படலாம். காலம்தான் இங்கே பெரிய விலை.

எனவே, அடுத்த முறை சிறுநீரக நிபுணரைப் பார்க்கும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனாலும் தவறில்லை.

1. எனக்கு ஆர்.என்.ஏ. சோதனை எடுத்தார்களா? கடைசியாக எப்போது? முடிவு என்ன?

2. என் கல்லீரலின் தழும்பை அளந்து பார்த்தார்களா? இல்லையென்றால் ஃபைப்ரோஸ்கேனுக்கு எங்கே அனுப்புவீர்கள்?

3. எனக்கு வைரஸ் மருந்து எப்போது தொடங்கலாம்? என் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா?

4. சிறுநீரக மாற்றுக்கு என்னை மதிப்பீடு செய்ய எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?

5. என் குடும்பத்தில் ஒருவர் தரத் தயாராக இருந்தால், அவர் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

தமிழில் கேட்டாலும் மலாயில் கேட்டாலும் கேள்விகள் இவைதாம். மொழி தயக்கமாக இருந்தால் மகளையோ மகனையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தனியார் மையத்திலோ அறநிறுவன மையத்திலோ டயாலிசிஸ் செய்பவர்கள், அங்கு வரும் மருத்துவரிடம் அரசாங்க மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறலாம்.

எல்லாருக்கும் சிறுநீரகம் கிடைத்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தகுதி பெற்றவர்களும் நெடுங்காலம் காத்திருக்கும் நாடு இது. ஆனால் கல்லீரலைக் காப்பாற்றும் மருந்து இங்கே இருக்கிறது. அதற்குப் பணமும் கேட்பதில்லை. சிறுநீரகம் வந்தாலும் வராவிட்டாலும், வைரஸ் போன உடம்பு வைரஸ் இருந்த உடம்பைவிட நல்ல உடம்புதான்.